காதலுறவு வன்முறையும் அமெரிக்க மாணவர்களும்: ஒரு தடுப்பு முயற்சியின் வரலாறு

அமெரிக்காவில் இளைஞர்கள் ஜோடியாக வெளியே போய்வரும் 'டேட்டிங்' பழக்கம் 1920களிலேயே வேரூன்றிவிட்டது. அதற்கு முன்பு பெண் வீட்டுக் கூடத்தில், பெற்றோர் பார்வையில், பையன் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். திரையரங்கும் நடனக்கூடமும் மோட்டார் காரும் அந்தச் சந்திப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோயின. வெளியே போன இடத்தில் விழுந்த அடியையும் மிரட்டலையும் சம்மதமில்லாமல் நடந்த பாலியல் அத்துமீறலையும் பொதுவில் பேச மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. அதுவரை பள்ளியும் கல்லூரியும் சொல்லிவந்த புத்திமதியெல்லாம் பெண்ணுக்குத்தான்: இருட்டுவதற்குள் திரும்பிவிடு, தனியே போகாதே, குடிக்காதே, யாரோடு போகிறாய் என்று பார்த்துப் போ. பையனை உட்காரவைத்துச் சொல்ல ஒருவரிடமும் ஒரு சொல்லும் இல்லை. இந்த நிலை மாறி, இளைஞர்களே வன்முறையைத் தடுக்கும் வேலையில் இறங்கியது 1970களுக்குப் பிறகு. அந்த வேலையின் பெரும்பகுதியைத் தொடங்கிவைத்தவர்கள் மாணவிகள். ஆய்வாளர்களும் அரசும் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

1972-இல் வாஷிங்டன் நகரில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானோருக்கான உதவி மையம் ஒன்றைப் பெண்கள் தாங்களே சேர்ந்து திறந்தார்கள். அதே காலத்தில் கலிஃபோர்னியாவிலும் வேறு இடங்களிலும் இத்தகைய மையங்கள் எழுந்தன. தொலைபேசியை எடுத்துப் பேச, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணைக்குப் போக, தன்னார்வலர்களே ஆள். அதே 1972-இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'ஒன்பதாம் தலைப்பு' என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பெண்களுக்கு விளையாட்டில் சம இடம் தந்த சட்டம் என்றே பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1977-இல் யேல் பல்கலைக்கழக மாணவிகள் சிலர், ஆசிரியர்களின் பாலியல் தொல்லையும் இந்தச் சட்டம் தடுக்கும் பாகுபாடுதான் என்று வழக்குத் தொடுத்தார்கள். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதற்குள் புகார்களை விசாரிக்கும் முறை ஒன்றை யேல் ஏற்படுத்தியாக வேண்டியிருந்தது. மற்றப் பல்கலைக்கழகங்களும் அந்த வழியில் நடந்தன. வழக்கில் தோற்ற மாணவிகள் கேட்டது கிடைத்துவிட்டது.

அதுவரை பெரும்பாலும் அந்நியர்களிடமிருந்து வரும் ஆபத்து பற்றியே பேச்சு இருந்தது. பழகியவனிடமிருந்து வரும் ஆபத்தை எண்ணிக்கையில் காட்டியவை 1980களின் இரண்டு ஆய்வுகள். 1981-இல் ஜேம்ஸ் மேக்பீஸ் என்ற சமூகவியலாளர், காதலிக்கும் காலத்தில் நடக்கும் வன்முறையைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அறை, தள்ளு, அடி என ஏதோ ஒன்றை அனுபவித்திருந்தார். திருமணமான பெண்கள் கணவனிடம் படும் அடியைப் பற்றி அப்போதுதான் அமெரிக்கா பேசத் தொடங்கியிருந்தது. அந்த அடி திருமணத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்பதை இந்தச் சிறிய ஆய்வு வெளிப்படுத்தியது.

இரண்டாவது ஆய்வு பெரியது. ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் மேரி காஸ், 'மிஸ்' என்ற பெண்ணிய இதழின் துணையோடு நாடெங்கும் 32 கல்லூரிகளில் 6,159 மாணவ மாணவியரிடம் கேள்வித்தாள் கொடுத்தார். 'உங்களை யாராவது வல்லுறவு செய்தார்களா?' என்று அவர் கேட்கவில்லை. 'நீங்கள் விரும்பாதபோது ஒருவன் பலத்தைப் பயன்படுத்தியோ மிரட்டியோ உடலுறவு கொண்டானா?' என்பதுபோல நடந்த செயலை விவரித்துக் கேட்டார். 1987-இல் முடிவு வெளியானது. 14 வயதுக்குப் பிறகு, சட்டப்படி வல்லுறவு அல்லது வல்லுறவு முயற்சி என்று கொள்ளத்தக்க அனுபவம் தங்களுக்கு நேர்ந்ததாக நான்கில் ஒருவருக்கும் மேற்பட்ட மாணவிகள் சொல்லியிருந்தார்கள். வல்லுறவுக்கு ஆளானவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அதைச் செய்தவன் தெரிந்தவன். பாதிக்கும் மேற்பட்ட சம்பவங்கள் டேட்டிங் போன இடத்தில் நடந்தவை. அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு நடந்ததற்கு வல்லுறவு என்ற பெயரையே கொடுக்கவில்லை. இந்தக் கணக்கை ஏற்க மறுத்துப் பத்திரிகைகளில் நீண்ட சண்டை நடந்தது. பின்னர் வந்த பல பெரிய ஆய்வுகளும் இதே அளவுக்கு அருகில் வந்து நின்றன.

எண்கள் வெளியான பின்பும் கல்லூரி நிர்வாகங்கள் அசையவில்லை. 1990-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரோட் ஐலண்டிலுள்ள பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தின் பெண்கள் கழிப்பறைச் சுவரில் சில ஆண் மாணவர்களின் பெயர்கள் தோன்றின. தங்களிடம் அத்துமீறியவர்களின் பெயர்களை எழுதி மாணவிகள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள் அழித்தார்கள். மறுநாள் மீண்டும் எழுதப்பட்டது. பட்டியல் நீண்டுகொண்டே போக, செய்தி நாடு முழுவதும் பரவியது. விசாரணையில்லாமல் ஒருவன் பெயரைச் சுவரில் எழுதுவது நியாயமா என்ற கேள்விக்கு இடமுண்டு. ஆனால் புகார் கொடுக்கப் போனவர்களை நிர்வாகம் திருப்பியனுப்பிய பிறகே மாணவிகள் சுவரைத் தேடிப் போனார்கள் என்பதையும் சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். பிரவுன் தன் ஒழுங்கு விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் ஓஹையோவின் ஆன்டியோக் என்ற சிறு கல்லூரியில் மாணவிகள் வேறொரு வழியில் போனார்கள். நெருக்கத்தின் ஒவ்வொரு படியிலும் வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுச் சம்மதம் பெற வேண்டும் என்ற விதியை எழுதிக் கல்லூரியை ஏற்கவைத்தார்கள். 1993-இல் இது வெளியுலகுக்குத் தெரிந்தபோது நாடே சிரித்தது. புகழ்பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்று இதைக் கேலிக்கூத்தாக்கி ஒரு நாடகமே போட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2014 செப்டம்பரில், கலிஃபோர்னியா ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் மாநில நிதியுதவி பெறும் கல்லூரிகள் அனைத்திலும் அதே கருத்தைக் கட்டாயமாக்கியது: மறுக்காமல் இருந்தது சம்மதமாகாது, தெளிவான ஒப்புதல் வேண்டும். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலமும் அதைப் பின்பற்றியது. சிரிப்புக்கு ஆளான அந்த மாணவிகள் எழுதிய விதியின் கருத்துதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

இதற்கிடையில் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1986-இல் பென்சில்வேனியாவில் ஒரு மாணவி தன் விடுதி அறையிலேயே வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். பெற்றோர் நடத்திய போராட்டத்தின் பயனாக, வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1990-இல் நிறைவேறியது. 1994-இல் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம் வந்தபோது, தடுப்புக் கல்விக்கென மாநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசின் நிதி பெரிய அளவில் பாயத் தொடங்கியது. 

ஆண்கள் பெருமளவில் இந்த வேலைக்குள் வந்தது ஒரு படுகொலையின் அதிர்ச்சியால். 1989 டிசம்பர் 6 அன்று கனடாவின் மான்ட்ரியால் நகரப் பொறியியல் கல்லூரியில் புகுந்த ஒருவன், பெண்களைத் தனியே பிரித்து நிறுத்திச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். 1991-இல் மைக்கேல் காஃப்மன், ஜாக் லேட்டன் முதலான சிலர் 'வெள்ளை ரிப்பன்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெண்கள்மீதான வன்முறையைச் செய்ய மாட்டேன், பொறுத்துக்கொள்ள மாட்டேன், கண்டும் வாய்மூடி இருக்க மாட்டேன் என்ற உறுதியின் அடையாளமாக ஆண்கள் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டார்கள். உலகின் பல நாடுகளுக்கு அந்த இயக்கம் பரவியது. மூன்றாவது உறுதிமொழியில்தான் அடுத்த பத்தாண்டின் விதை இருந்தது.

கண்டும் வாய்மூடி இருப்பது ஏன் என்ற கேள்வியை உளவியல் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்தும் ஒருவரும் உதவவில்லை என்று செய்தித்தாள் எழுதியது. அந்த எண் மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனால் செய்தியால் உந்தப்பட்ட ஜான் டார்லி, பிப் லாட்டனே இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனை நிலைத்து நிற்கிறது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதை ஒலிபெருக்கியில் கேட்கும் மாணவர், தான் மட்டுமே கேட்பதாக நினைத்தால் நூற்றுக்கு 85 பேர் விரைந்து உதவி தேடினர். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தால் 31 பேர்தான். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு கையைக் கட்டிப்போடுகிறது. கல்லூரி விருந்துகளில் நடந்ததும் இதுவே.

இந்த அறிவைப் பாலியல் வன்முறைத் தடுப்புக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜாக்சன் காட்ஸ். அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். பெண்ணியக் கல்வியும் படித்தவர். 1993-இல் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், விளையாட்டும் சமூகமும் பற்றி ஆராயும் மையத்தில், விளையாட்டு வீரர்களை வைத்து அவர் ஒரு பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தார். வீரர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்? அமெரிக்கப் பள்ளியிலும் கல்லூரியிலும் அணி வீரனுக்கு உள்ள மதிப்பு பெரிது. அவன் ஒரு கேலியைப் பார்த்துச் சிரிக்காமல் நின்றால் சுற்றியிருப்பவர்களின் சிரிப்பும் அடங்கும். வேறொருவன் அதைச் செய்தால் அவனைத்தான் கேலி செய்வார்கள்.

காட்ஸின் வகுப்பு ஒன்றை அருகிலிருந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். பயிற்றுநர் ஒரு சூழலைச் சொல்வார்: விருந்தொன்றில், நிற்கவே தள்ளாடும் அளவுக்குக் குடித்துவிட்ட ஒரு பெண்ணை உங்கள் அணித் தோழன் மாடி அறைக்கு அழைத்துப் போகிறான். நீங்கள் படிக்கட்டில் நிற்கிறீர்கள். இப்போது உங்கள் மனத்தில் என்னென்ன ஓடும்? 'நமக்கெதற்கு வம்பு', 'அவளுக்கும் இஷ்டமாக இருக்கலாம்', 'தடுத்தால் நாளை அணியில் என்னை ஒதுக்கிவிடுவார்கள்' என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றை யாரும் கண்டிப்பதில்லை. பிறகு என்னென்ன செய்யலாம் என்று எல்லோருமாகத் தேடுவார்கள்: அவளுடைய தோழியைத் தேடிப் பிடிக்கலாம், நண்பனை வேறு காரணம் சொல்லி வெளியே இழுத்துவரலாம், நேராகவே 'வேண்டாம், விடு' என்று சொல்லலாம், பெரியவர் யாரையாவது கூப்பிடலாம். ஒன்றும் செய்யாமல் இருப்பது, பாய்ந்து அடிப்பது என்ற இரண்டைத் தவிர வழியே இல்லை என்று நினைத்து வந்தவன், ஐந்தாறு வழிகளோடு வெளியே போவான்.

இதற்கு முந்தைய வகுப்புகளில் பையன்கள் நாளைய குற்றவாளிகளாகவும் பெண்கள் நாளைய பாதிக்கப்பட்டோராகவும் நடத்தப்பட்டார்கள். பையன் கைகட்டி, முகம் சுளித்து உட்கார்ந்திருப்பான், பெண் அலுத்துப்போவாள். நண்பன், தோழி என்ற நிலையில் வைத்துப் பேசியபோது இருவருக்கும் அங்கே செய்ய ஒரு வேலை இருந்தது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். காட்ஸின் திட்டம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும், 1997-இல் அமெரிக்க ஆயுதப் படைகளில் ஒன்றான மரீன் படைக்கும் போனது.

ஆனால் இவையெல்லாம் வன்முறையை உண்மையில் குறைத்தனவா? நல்ல எண்ணத்தோடு நடத்திய வகுப்பு நல்ல பலனைத் தரும் என்ற உறுதி கிடையாது. இந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டவர் வட கரோலினா பல்கலைக்கழகப் பொதுச் சுகாதார ஆய்வாளர் வேஞ்சி ஃபோஷீ. 1994-இல் ஜான்ஸ்டன் மாவட்டத்தில் வேலை தொடங்கியது. புகையிலை விளையும் கிராமப்புற மாவட்டம். அங்குள்ள 14 அரசுப் பள்ளிகளில் பாதியில் 'பாதுகாப்பான டேட்டிங்' என்ற பாடத்திட்டம் நடத்தப்பட்டது. மீதிப் பாதியில் நடத்தப்படவில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். 13, 14 வயது. டேட்டிங் தொடங்கும் வயதிலேயே பிடிக்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை.

பாடம் பத்து வகுப்புகள்; ஒவ்வொன்றும் 45 நிமிடம்; நடத்தியவர்கள் பள்ளியின் உடற்கல்வி, நலக்கல்வி ஆசிரியர்கள். முதல் வகுப்பில் வன்முறை பற்றிய பேச்சே கிடையாது. உன்னை விரும்புகிறவர் உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாய் என்பதைப் பிள்ளைகள் எழுதுவார்கள். அங்கிருந்து படிப்படியாக அடி, கண்காணிப்பு, மிரட்டல் என்று நகரும். பொறாமையை அன்பின் அடையாளமாகக் கொண்டாடும் வழக்கமும், ஆணும் பெண்ணும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும், கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது என்பதும் அடுத்தடுத்து வரும். வன்முறையில் சிக்கிய நண்பருக்கு எப்படி உதவுவது என்பதற்கு இரண்டு முழு வகுப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பதின்பருவத்தில் ஒரு பெண் தன் துன்பத்தை முதலில் சொல்வது அம்மாவிடமோ ஆசிரியரிடமோ அல்ல, தோழியிடம் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். மாணவர்களே நடித்த நாடகமும் சுவரொட்டிப் போட்டியும் பாடத்தோடு சேர்ந்திருந்தன.

ஒரு மாதத்துக்குப் பின் எடுத்த கணக்கில் பாடம் நடந்த பள்ளிகளில் மன ரீதியான துன்புறுத்தல் 25 விழுக்காடும் பாலியல் வன்முறை 60 விழுக்காடும் குறைவாக இருந்தன. 1998-இல் இது வெளியானபோது பெரிய வரவேற்பு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நடத்தையிலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது. எண்ணங்களில் மட்டும் மாற்றம் மிச்சமிருந்தது. பலர் அங்கேயே கைவிட்டிருப்பார்கள். ஃபோஷீயின் குழு தொடர்ந்து பின்தொடர்ந்தது. நான்காண்டுக்குப் பின், அதாவது பிள்ளைகள் 17, 18 வயதில் உண்மையிலேயே டேட்டிங் செய்துகொண்டிருந்த காலத்தில், பாடம் படித்தவர்களிடையே உடல் ரீதியான, பாலியல் ரீதியான வன்முறை மற்றவர்களைவிட 56 முதல் 92 விழுக்காடு வரை குறைவு என்று 2004-இல் வெளியான முடிவு காட்டியது. பாடத்தை நினைவூட்டக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த சிறு பயிற்சியால் தனிப் பலன் எதுவும் இல்லை.

வகுப்பறைப் பாடம் எல்லா இடத்திலும் இப்படிப் பலன் தரவில்லை. நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து புரூஸ் டெய்லர், நான் ஸ்டைன் இருவரும் நடத்திய சோதனை இதை வெளிப்படுத்தியது. சில பள்ளிகளில் பாடம் மட்டும், சிலவற்றில் கட்டடத்தில் மாற்றம் மட்டும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் எதுவும் இல்லை. கட்டடத்தில் மாற்றம் என்பது பிள்ளைகள் வரைந்த வரைபடத்திலிருந்து பிறந்தது. பள்ளியின் தரைப்படத்தை அவர்களிடம் கொடுத்து, பயமில்லாமல் நடமாடும் இடத்துக்கு ஒரு நிறமும் பயப்படும் இடத்துக்கு வேறு நிறமும் தீட்டச் சொன்னார்கள். பின்பக்க மாடிப்படி, நடைக்கூடத்தின் முடுக்கு, சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலை என்று பெரியவர்கள் கவனிக்காத இடங்கள் நிறத்தில் எழுந்து வந்தன. அந்த இடங்களில் ஆசிரியர்களும் காவலர்களும் நிறுத்தப்பட்டார்கள். தொல்லை கொடுத்த மாணவன் குறிப்பிட்ட மாணவியை நெருங்காமலிருக்கப் பள்ளி அளவிலேயே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. முடிவில், பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. கட்டடத்தில் மாற்றம் செய்த பள்ளிகளில் பாலியல் தொல்லையும் வன்முறையும் குறைந்தன. எங்கே ஆபத்து என்பதை அங்கே தினமும் நடமாடும் பிள்ளைதான் அறியும். அந்தப் பிள்ளையைக் கேட்டதே இங்கு பாதி மருந்து.

விளையாட்டுத் திடலில் இன்னொரு வழி திறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கிய ஓர் அமைப்பு 2001-இல் 'பையன்களை ஆண்களாகப் பயிற்றுவித்தல்' என்ற பெயரில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. பின்னர் அது பயிற்சியாளர்களுக்கான அட்டைத் தொகுப்பாக வளர்ந்தது. வாரம் ஒரு முறை, பயிற்சி தொடங்கும் முன்போ முடிந்த பின்போ, பத்துப் பதினைந்து நிமிடம் கோச் தன் அணியோடு பேச வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வாரம். பெண்களை இழிவாகப் பேசுவது, காதலியைக் கட்டுப்படுத்துவது, சம்மதம் ஆகியவையே அட்டைகளின் பொருள். மருத்துவர் எலிசபெத் மில்லர் தலைமையில் சாக்ரமென்டோவின் 16 உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் இது சோதிக்கப்பட்டது. தவறு நடக்கும்போது தலையிடுவது அதிகமாயிற்று. ஓராண்டுக்குப் பின் எடுத்த கணக்கில், காதலியைத் துன்புறுத்தியதாகச் சொன்ன பையன்களும் குறைந்திருந்தார்கள்.

இந்த அட்டைகள் கடல்கடந்து மும்பைக்கு வந்தன. பெண்கள் பற்றிய பன்னாட்டு ஆய்வு மையம் ஒன்று, மும்பைப் பள்ளிகள் விளையாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து, 2010-இல் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டு இதை நடத்தியது. பள்ளி அணிகளோடு, கோவண்டியின் சிவாஜி நகர்க் குடிசைப் பகுதியிலும் உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளானார்கள். காதல் வெளியில் தெரியாத ஊரில் டேட்டிங் பற்றிய அட்டை அப்படியே பொருந்தாது. தெருவில் போகும் பெண்ணைக் கேலி செய்வது, வீட்டில் அக்கா தங்கையை அதிகாரம் செய்வது போன்றவற்றை நோக்கி உரையாடல் திரும்பியது. பையன்களின் எண்ணங்கள் மாறின. கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கும் வழக்கம் ஓரளவு குறைந்தது. துணிந்து தலையிடுவது அந்த அளவுக்குக் கூடவில்லை. பிறகு அதே சிவாஜி நகரில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு திட்டம் கபடியை எடுத்துக்கொண்டது. வளர்ந்த பெண்கள் பொதுத் திடலில் ஆடுவதை வீட்டார் ஏற்க வேண்டியிருந்தது. அப்பகுதியிலேயே வாழும் இளம்பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசி, பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துவந்தார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டோரதி எட்வர்ட்ஸ் உருவாக்கிய 'பச்சைப் புள்ளி' திட்டம், காட்ஸின் கருத்தை மாநில அளவுக்கு விரித்தது. நோய் பரவுவதைக் காட்டும் வரைபடம்போல, ஒவ்வொரு வன்முறையும் ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தடுக்கும் ஒவ்வொரு செயலும் ஒரு பச்சைப் புள்ளி. தலையிடும் வழிகளை மூன்றாகச் சுருக்கினார்கள்: நேரே தடு, கவனத்தைத் திருப்பு, வேறொருவரிடம் ஒப்படை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் வழி ஒத்துவராது. இரண்டாவதும் மூன்றாவதும் கைகொடுக்கும். ஆன் கோக்கர் தலைமையில் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தாண்டுகள் நடந்த சோதனை, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் பாலியல் வன்முறை குறைந்ததைக் காட்டியது. 2017-இல் முடிவுகள் வந்தன. பொறுமையாக ஆண்டுக்கணக்கில் நடத்தியதே அதற்குக் காரணம் என்று கொள்ள இடமுண்டு. முதல் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது.

பெண்களுக்குத் தனியே பயிற்சி கொடுப்பது சரியா என்பதில் இந்தத் துறைக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு. பழைய புத்திமதியின் மறுவடிவம் அது, பழியை மறுபடியும் பெண்மீதே போடுகிறது என்பது ஒரு தரப்பு. கனடாவின் சார்லீன் சென் மறுதரப்பில் நின்றார். மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு நான்கு அமர்வுகளில் ஆபத்தை அடையாளம் காணவும், தெரிந்தவன்தானே என்ற தயக்கத்தை உதறவும், எதிர்த்துப் போராடவும், தங்கள் விருப்பத்தைத் தாங்களே அறிந்து பேசவும் கற்றுக்கொடுத்தார். 2015-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கை மட்டும் பெற்ற குழுவில் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்ற குழுவில் 5.2. ஏறத்தாழ பாதி. இந்த அளவு பலனைக் கண்ட பிறகு, கொள்கையைக் காட்டி இதை மறுப்பது கடினம். செய்பவன்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டே தற்காப்பையும் கற்பிக்க முடியும் என்பதை சென் நிரூபித்தார்.

கற்பித்தவை எல்லாம் பலித்ததாக நினைக்கக் கூடாது. 2014-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், அதுவரை வெளியான 140 மதிப்பீடுகளை எடுத்து அலசினார்கள். பாலியல் வன்முறையை உண்மையிலேயே குறைத்ததற்கு வலுவான சான்றுள்ளவை மூன்றே என்று கண்டார்கள்: ஃபோஷீயின் பாடம், நியூயார்க்கின் கட்டட மாற்றம், 1994 சட்டத்தின் நிதி. ஒரு மணி நேரச் சொற்பொழிவு, ஒரு படம், புதுமுக மாணவர்களுக்கு ஒரு நாள் கூட்டம் என்று கல்லூரிகள் மிகுதியாகச் செய்துவந்தவற்றில் ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. 2013-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், அருகிலிருப்போர் தலையிடுவது உள்ளிட்ட தடுப்புக் கல்வியைக் கல்லூரிகள் அளிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்தது. சட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்ட ஒரு மணி நேரக் கூட்டமே பல இடங்களில் போதுமானதாகிவிட்டது. மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியென்றே இதைச் சொல்ல வேண்டும்.

வகுப்பறைக்கு வெளியேயும் வேலை நடந்தது. 2006-இல் டரானா பர்க், பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட கறுப்பினச் சிறுமிகளுக்குத் துணையாகத் தொடங்கிய முயற்சிக்கு வைத்த பெயர்தான் 'மீ டூ'. பதினோரு ஆண்டுக்குப் பின்னரே அது உலகுக்குத் தெரிந்தது. 2007-இல் பதின்பருவத்தினருக்கென்றே நாடளாவிய உதவித் தொலைபேசி திறக்கப்பட்டது. எடுத்துப் பேசியவர்களில் பயிற்சி பெற்ற இளம் ஆலோசகர்களும் இருந்தார்கள். தொலைபேசியில் பேசத் தயங்குபவர்கள் இணைய வழியில் எழுதிக் கேட்கவும் வசதி இருந்தது. அதே ஆண்டில் ரோட் ஐலண்டு மாநிலம், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை காதலுறவு வன்முறை பற்றிக் கற்பிப்பதைச் சட்டமாக்கியது. 2010 முதல் ஒவ்வொரு பிப்ரவரியும் இதற்கான விழிப்புணர்வு மாதம்.

2013-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், டேட்டிங் செய்த பெண்களில் ஐந்தில் ஒருவரும் பையன்களில் பத்தில் ஒருவரும் முந்தைய ஓராண்டில் துணையிடமிருந்து உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். மேக்பீஸ் கேட்ட கேள்விக்கு முப்பது ஆண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ அதே விடை. அந்தக் காலத்தில்தான் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதுவரை கற்றவற்றை ஒன்றாகக் கோத்து ஒரு பெருந்திட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. சிகாகோ, பால்டிமோர், ஓக்லண்டு, ஃபோர்ட் லாடர்டேல் ஆகிய நகரங்களின் 46 நடுநிலைப் பள்ளிகளில் 2012 முதல் 2016 வரை அது நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர் பாடம், பெற்றோருக்குத் தனி அமர்வுகள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, உள்ளூர் நலத்துறையின் பங்கு என எல்லாம் சேர்ந்திருந்தன. அந்தந்த வட்டாரத்தில் வளர்ந்த சற்றே மூத்த இளைஞர்கள் தூதர்களாக அமர்த்தப்பட்டு, நிகழ்ச்சிகளிலும் சமூக ஊடகத்திலும் பிள்ளைகளோடு அவர்கள் பாணியிலேயே பேசினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பள்ளிகளிலும் ஃபோஷீயின் பாடம் நடந்தது. அதைவிடவும் சராசரியாக 8 விழுக்காட்டுக்கு மேல் வன்முறை செய்வதும், ஏறத்தாழ 10 விழுக்காடு வன்முறைக்கு ஆளாவதும் இங்கே குறைந்ததாக 2019-இல் முடிவு வந்தது.

சிறு வயதிலேயே தொடங்குவது என்ற போக்கு கோச்களின் அட்டைகளையும் மாற்றியது. மில்லரின் குழு பென்சில்வேனியாவில் 41 நடுநிலைப் பள்ளிகளின் விளையாட்டு அணிகளில், 11 முதல் 14 வயதுப் பையன்களிடம் அவற்றைச் சோதித்தது. 2020-இல் வெளியான முடிவின்படி, தவறைக் கண்டால் தலையிடும் வழக்கம் விளையாட்டுப் பருவம் முடிந்தபோதே அதிகரித்திருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. டேட்டிங் செய்திருந்த பையன்களிடையே துணையைத் துன்புறுத்துவது அந்த ஓராண்டின் முடிவில் வெகுவாகக் குறைந்திருந்தது. அதற்காகக் கோச்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குறுகிய பயிற்சியும், ஒரு கட்டு அட்டையும், வாரத்துக்குக் கால் மணி நேரமும்.